மகாவலி வெள்ளச் சமவெளியும் வலசைப் பறவைகளும்: பொதுநிதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அணைக்கட்டுகளின் வரலாறு பெரும்பாலும் நெல்வயலின் வரலாறாகவும் மின்வலுவின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வணைகளால் நிலைமாறிய நீர்ப்பறவைகளின் உறைவிடத்தையும், அதனைப் பேணப் பொதுநிதி செலவிடப்பட்ட முறையையும் ஆராய்வோர் அரியர். இக்குறையைச் சிறிதளவேனும் நிரப்ப இக்கட்டுரை முயல்கின்றது.

கலஹா மலைகளிற் பொழியும் மழைநீர் சிற்றாறுகளாய் இறங்கி மகாவலி கங்கையிற் கலக்கின்றது. பேராதனையையும் கண்டியையும் தழுவிச் செல்லும் அவ்வாறு, மலைநாட்டை விட்டிறங்கிப் பொலனறுவை மாவட்டத்தில் அகன்றதொரு வெள்ளச் சமவெளியை அடைகின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆறு கரைபுரண்டு அயலிலுள்ள பள்ளங்களை நிரப்பும். கோடையில் நீர் வற்றப் புல்வளம் தலைகாட்டும். இப்பள்ளங்களையே 'வில்லு' என வழங்குவர். வடபுலத்தில் குளிர் மிகும்போது தெற்கு நோக்கி வரும் தாரா இனங்களும் கரைப்பறவைகளும் ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை இத்தகைய நீர்நிலைகளிலே இரைதேடுகின்றன. ஆகவே, வில்லின் உயிர் வெள்ளத்திலேயே தங்கியுள்ளது எனலாம்.

1867ஆம் ஆண்டில் கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முன்னர் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டமையால் மண்ணரிப்பு மிகுந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டமை அரசு இவ்விடரை உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும். ஆனால், ஆற்றின் போக்கையே மாற்றிய முயற்சிகள் பின்னரே வந்தன. 1976இல் கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலி நீர் வடக்கே திருப்பப்பட்டது. 1977இல் துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் பயனாக எண்பதுகளில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை ஆகிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. சுவீடன், பிரித்தானியா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவி இவற்றுக்குக் கிடைத்தது.

இத்திட்டத்தின் சூழல் விளைவுகளை ஆராய்ந்த அறிக்கையொன்று அமெரிக்க நிதியுதவியுடன் 1980இல் தயாரிக்கப்பட்டது. அதன் வழிவந்த பாதுகாப்பு முயற்சிகளுக்கும் அமெரிக்க உதவி தொடர்ந்தது. மாதுறு ஓயா 1983இலும், வஸ்கமுவையும் வெள்ளச் சமவெளியும் 1984இலும், சோமாவதி 1986இலும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. வெள்ளச் சமவெளித் தேசிய பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 17,350 ஹெக்டேயர். அணை கட்டிய திட்டமே அணையால் இடம்பெயரும் உயிரினங்களுக்கும் புகலிடம் வகுத்தமை பாராட்டுதற்குரியது.

எனினும், ஈண்டு ஒரு முரண்பாட்டைக் காண்கின்றோம். பூங்காவின் எல்லையைச் சட்டம் காக்கின்றது. வில்லை நிரப்பும் வெள்ளத்தையோ மேலேயுள்ள அணைகள் தடுக்கின்றன. நிலத்தை ஒதுக்குவதற்கும் காவலரை அமர்த்துவதற்கும் பணம் வகுத்தோர், நீரை ஒதுக்குவதையும் ஒரு செலவாகக் கருதினரா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும். வில்லுக்கென விடப்படும் நீர் பிறிதோரிடத்தில் குறையும் மின்வலுவாகவோ வயலுக்குக் கிட்டாத பாய்ச்சலாகவோ அமையலாம். அதுவும் பொதுநிதிச் செலவே.

பிறநாட்டு அனுபவங்கள் இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீர்ப்பறவை வேட்டையாடுவோர் ஒரு டொலர் விலையுள்ள முத்திரையொன்றை வாங்கவேண்டியவராயினர். அவ்வருவாய் பறவைகளின் நீர்நிலங்களுக்கே செலவிடப்பட்டது. ஆண்டுதோறும் வரும் பறவைக்கு ஆண்டுதோறும் வரும் நிதி வேண்டும் என்னும் உண்மை அங்கு உணரப்பட்டது. தமிழகத்து வேடந்தாங்கலிலோ பணமின்றியே பாதுகாப்புத் தொடங்கியது. பறவைகளின் எச்சத்தால் வளம்பெற்ற ஏரிநீர் தம் வயல்களுக்கு உரமாவதை அறிந்த ஊரார், பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு வேண்டினர். செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்தம் உரிமையை ஏற்றார். முன்னையது நிலையான வருவாயின் வலிமையையும், பின்னையது நீரோடு வாழ்வோரின் உடன்பாட்டின் வலிமையையும் காட்டுகின்றன. மகாவலிக்குக் கிடைத்த வெளிநாட்டு உதவியோ ஒரு காலவரையறைக்கு உட்பட்டது.

நெல்லும் மின்வலுவும் வேண்டியிருக்கும் வறிய நாட்டில் பறவைக்கு நீர் விடலாமோ எனச் சிலர் வினவக்கூடும். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், வில்லு பறவைக்கு மட்டும் உரியதன்று. மீனும் மேய்ச்சலும் அதனாலேயே உளவாகின்றன. வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் அதுவே.

இன்னொன்றும் சிந்திக்கற்பாலது. தேயிலை ஏற்றுமதி வருவாய் நெடுங்காலம் அரச நிதிக்குப் பெருந்தூணாக விளங்கியது. அதனை ஈட்டித்தந்த மலையகத் தொழிலாளருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையின்றி விடப்பட்டனர். எஞ்சியோர்க்கு அவ்வுரிமையை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பொதுநிதிக்கு உழைத்தவர்களுக்கு அதன் பயன்பாடு பற்றிப் பேசும் உரிமை இல்லாதிருந்த காலத்திலேயே மகாவலியின் அணைகள் எழுந்தன.

மேல்நிலத்தில் மண்ணைக் காப்போருக்கும் கீழ்நிலத்தில் வில்லை நம்பி வாழ்வோருக்கும் நீர்ப்பங்கீட்டில் குரல் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் நீர் பங்கிடப்படுகையில் வயலுக்கும் மின்வலுவுக்கும் அடுத்தபடியாக வில்லுக்கும் ஒரு பங்கு கணக்கில் எழுதப்படுமாயின், 1984இல் வரையப்பட்ட எல்லைக்கோடு பொருளுடையதாகும்.