பெயரைப் பறிகொடுத்த கொட்டை

பினாங்கு டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 78 வயது. ஓராண்டாக மறதி கூடிவிட்டது. அடுப்பில் பால் வைத்ததை மறப்பார், கதவைப் பூட்டினோமா என்று மூன்று முறை எழுந்து பார்ப்பார். யாரோ சொல்லிப் போன ஹோமியோபதி மருத்துவர் சின்னக் குப்பியில் வெள்ளை உருண்டைகள் கொடுத்திருந்தார். சீட்டில் 'அனகார்டியம் ஓரியண்டேல் 30' என்று இருந்தது. பேரன் கைப்பேசியில் அனகார்டியம் என்று தேடிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது முந்திரிக்கொட்டை" என்றான். பெரியம்மா என்னைப் பார்த்தார். "காஜுஸ் தின்னா ஞாபகம் வருமாம்மா? அப்போ இந்த மருந்து எதுக்கு?"

பேரன் தேடியதில் பிழையில்லை. தாவரவியலில் அனகார்டியம் என்றால் முந்திரிதான். ஆனால் குப்பியில் எழுதியிருப்பது வேறொரு கொட்டையின் பெயர். அந்தப் பெயர் முதலில் அந்தக் கொட்டைக்குத்தான் உரியதாக இருந்தது. முந்திரி அதைப் பிற்பாடு எடுத்துக்கொண்டது. குப்பியில் இருப்பது சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வோம்.

தமிழில் இந்தப் பெயரின் வேர் மிக ஆழத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில் 'சே' என்று ஒரு மரப்பெயர் வருகிறது. காளைக்கும் சே என்றே பெயர். இரண்டும் குழம்பாமல் இருக்கப் புணர்ச்சி வழிசெய்கிறது. மரமானால் பின்னால் வரும் வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்து இடையில் தோன்றும்; காளையானால் 'இன்' சாரியை வேண்டும். சேங்கோடு என்றால் மரத்தின் கிளை, சேவின்கோடு என்றால் காளையின் கொம்பு. அந்தச் சே எந்த மரம் என்பதில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு. சேங்கொட்டை மரம்தான் என்று கொள்பவர்கள் பக்கம் நான். சே என்பதோடு கொட்டையைச் சேர்த்துப் பாருங்கள்: சேங்கொட்டை. இலக்கணம் படிக்காத நாட்டு மருந்துக்கடைக்காரரும் அந்த மெல்லெழுத்தைத் தவறவிடாமல் சொல்கிறார். சிலர் 'செங்கொட்டை' என்று எழுதுவது காதுக்கு ஏற்ப வந்த திருத்தம். கொட்டை சிவப்பல்ல, பளபளக்கும் கறுப்பு.

சேராங்கொட்டையில் இருக்கும் 'சேர்' மலையாளத்திலும் உண்டு. கன்னடத்தில் அது கேரு. நம் செவி அங்கே கிவி; அதே வழியில் நம் சேர் அங்கே கேரு. மலையாளிகள் இந்தக் கொட்டை மரத்துக்கு வைத்த பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது: அலக்குசேரு. அலக்கு என்றால் துணி வெளுப்பது.

காரணம் கொட்டையின் தோலுக்குள் இருக்கும் எண்ணெய். ஊசியால் குத்தித் துணியில் ஒரு புள்ளி வைத்தால் முதலில் பழுப்பாகத் தெரியும், காற்றுப்பட்டுக் கறுக்கும். சுண்ணாம்பு சேர்ந்தால் எத்தனை வெளுப்புக்கும் போகாது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய இந்தியா முழுவதும் சலவைத் தொழிலாளர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். வண்ணான் குறி என்று நாம் சொல்வது இந்தக் கறையைத்தான். அந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் இருந்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்குக் கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் புண் வந்தது. சட்டையில் இருந்த சலவைக்குறிதான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள்.

டத்தோ கிராமாட் சாலையில் மேற்கே போனால் அது ஆயர் ஈத்தாம் சாலையாகிறது. அதை ஒட்டி ஆற்றோரத்தில் டோபி காட் இருக்கிறது; நம்மவர் வாயில் வண்ணாந்துறை. அலக்குசேரு என்ற சொல்லை முதலில் படித்தபோது எனக்கு அந்த ஆற்றங்கரைதான் நினைவுக்கு வந்தது. ஊரைவிட்டு வந்த தொழில் கப்பலேறியபோது தன் சொற்களையும் கொண்டுவந்திருக்கிறது.

மரத்தின் உறவுகள் இங்கேயே உண்டு. மாமரம், முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மலாய்க்காரர்கள் அஞ்சும் ரெங்காஸ் மரமும் அதே குடும்பந்தான். அதன் பாலும் கறுக்கும், அதுவும் உடம்பை வீங்கவைக்கும். பேராவில் பாடாங் ரெங்காஸ் என்று ஓர் ஊரே இருக்கிறது.

இனி பெயர் பறிபோன கதை. சேங்கொட்டை தனியே தொங்குவதில்லை. ஆரஞ்சு நிறச் சதைப்பகுதி ஒன்றின் நுனியில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்தபோது இந்திய மக்கள் பார்த்தது அதே அமைப்பை: சதைப்பழம், அதன் நுனியில் வெளியே ஒரு கொட்டை, தோலுக்குள் வாயைப் பொத்துப்போகவைக்கும் எண்ணெய். புதியவனுக்குத் தெரிந்தவன் பெயரையே வைத்தார்கள். தெலுங்கில் ஜீடி என்பது சேங்கொட்டை. முந்திரி ஜீடிமாமிடி ஆயிற்று. இன்று ஜீடிப்பப்பு என்றால் முந்திரிப்பருப்பு மட்டுமே. பழைய கொட்டை தன் வீட்டிலேயே 'நல்ல ஜீடி', அதாவது கறுப்பு ஜீடி, என்று அடைமொழி போட்டு நிற்கவேண்டியதாயிற்று. கன்னடத்திலும் கேரு முந்திரிக்குப் போய்விட்டது.

இதே காரியத்தைத்தான் ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு லின்னேயஸ் செய்தார். அனகார்டியம் என்பது ஐரோப்பிய மருந்துக்கடைகளில் சேங்கொட்டைக்கு வழங்கிய பெயர். இதயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அதில் இருக்கிறது, கொட்டையின் வடிவம் அப்படி. 1753-இல் அவர் அந்தப் பெயரை முந்திரிக்குக் கொடுத்து, மேற்கே விளைவது என்று 'ஆக்சிடென்டேல்' என்ற அடையும் சேர்த்தார். சேங்கொட்டைக்கு 1782-இல் அவர் மகன் வேறு பெயர் வைத்தார்: செமிகார்பஸ் அனகார்டியம். செமிகார்பஸ் என்றால் குறிபோடும் காய். ஓர் ஐரோப்பியப் பேரறிஞர் வீட்டில் பிறந்த பெயரும் கடைசியில் அலக்குசேருவின் பொருளிலேயே வந்து நின்றது. ஹோமியோபதி மட்டும் பழைய மருந்துக்கடை வழக்கை விடவில்லை. கிழக்கே விளைவது என்று 'ஓரியண்டேல்' சேர்த்து இன்றும் அனகார்டியம் என்றே எழுதுகிறது. பேரன் தடுமாறிய இடம் இதுதான்.

தமிழ் இந்தப் பறிப்பைச் செய்யவில்லை என்று பெருமைப்பட எனக்கும் ஆசைதான். ஆனால் நாம் பறித்தது திராட்சையிடமிருந்து. முந்திரிகை என்றால் திராட்சை. கொடிமுந்திரி என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது, மலையாளத்தில் முந்திரி இன்றும் திராட்சைதான். யாழ்ப்பாணத்தார் மரமுந்திரிகை என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். குமரிப் பக்கம் கொல்லாம்பழம் என்கிறார்கள். மலாய்க்காரர்களின் காஜுஸ், பிரேசில் பழங்குடிகளின் சொல் போர்த்துகீசியர் வாய்வழி வந்தது. இத்தனை பெயர்களுக்கு நடுவில் சேங்கொட்டை தமிழில் தன் பெயரோடு தப்பித்திருக்கிறது.

மறதிக்கும் இந்தக் கொட்டைக்கும் என்ன உறவு என்பதற்கும் ஒரு பெயர்தான் சான்று. வடமொழியில் இது பல்லாதகம். அரபியில் பலாதுர் ஆயிற்று. அரபு மருத்துவர்கள் நினைவாற்றலுக்கு இதைக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்யவேண்டிய மாணவர்கள், முஸ்லிம்களும் யூதர்களும், தேடித் தேடி உண்டார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்-பலாதுரியின் பெயரே இந்தக் கொட்டையிலிருந்து வந்தது. அளவு மீறிக் குடித்துப் புத்தி பேதலித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது பழைய செய்தி. குடித்தவர் அவரல்ல, அவர் பாட்டனார் என்போரும் உண்டு.

பலாதுர் லேகியம் ஐரோப்பாவுக்குப் போனபோது அதற்கு 'அறிஞர் லேகியம்' என்று பெயர். அதிகம் உண்டவர்கள் நினைவிழந்ததைப் பார்த்துக் காஸ்பர் ஹோஃப்மன் என்ற மருத்துவர் 'மூடர் லேகியம்' என்று பெயரை மாற்றினார். இதை எடுத்துச் சொல்பவர் ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமன், தம்முடைய 'நாட்பட்ட நோய்கள்' நூலில். ஒரு பொருள் எதை உண்டாக்குமோ அதையே தீர்க்கும் என்பது அவர் கொள்கை. நினைவைக் கெடுத்த கொட்டை நினைவிழந்தவர்க்கு மருந்தானது; கொப்புளம் எழுப்பும் எண்ணெய் கொப்புளத்துக்கும் மருந்தானது. ஹோமியோபதி மருத்துவர்கள் தேர்வுக்கால மறதிக்கும், சாப்பிட்டவுடன் குறையும் வயிற்றுவலிக்கும் இதை எழுதுவார்கள்.

நம் வைத்தியர்களின் வழி வேறு. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை நெய் தோல் நோய்க்கும் வாதத்துக்கும் மூலத்துக்கும் உண்டு. கொட்டையின் மூக்கை வெட்டாமல், நஞ்சைப் போக்காமல் எந்த வைத்தியரும் தொடமாட்டார். ஆயுர்வேதத்தில் செங்கல் தூளில் புரட்டி எண்ணெயை உறிஞ்சவைப்பார்கள். வீட்டில் யாரும் செய்துபார்க்கக் கூடாத வேலை இது.

மலேசியாவில் ஹோமியோபதிக்கு நம்மவரைப்போலவே மலாய்க்காரர்களிடமும் செல்வாக்கு உண்டு. அரசியல் தலைவர் புர்ஹானுடின் அல்-ஹெல்மி இந்தியாவில் ஹோமியோபதி படித்து வந்தவர். 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இதையும் ஒரு துறையாக ஏற்றிருக்கிறது. சட்டத்தின் ஏற்பு ஒன்று, மருந்தின் பலன் வேறொன்று. சீட்டில் உள்ள 30 என்ற எண், நூறில் ஒரு பங்காக 30 முறை கரைத்ததைச் சொல்கிறது. ஒன்றுக்குப் பின் 60 சுழியம் போட்ட அளவு. 12-ஆம் முறையைத் தாண்டும்போதே கொட்டையின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்தருவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. எனவே பெரியம்மாவின் குப்பியில் இருப்பது சர்க்கரையும் ஒரு பெயரும். அந்தப் பெயர்மேல் எனக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும், மறதிக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க என் மனம் ஒப்பவில்லை. தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதி வரும், கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். பொது மருத்துவமனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.

அன்றைக்கு அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இது முந்திரி இல்ல பெரியம்மா, சேராங்கொட்டை" என்று மட்டும் சொன்னேன்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, அது மேல பட்டா புண்ணாயிருமே! எங்க அம்மா ஊர்லேருந்து கொண்டாந்த சேலையில ஓரத்துல கறுப்பா ஒரு புள்ளி இருக்கும். நான் சின்னப் பிள்ளையில சுரண்டிச் சுரண்டிப் பாப்பேன், போகவே போகாது. அந்தக் கொட்டை வச்ச புள்ளின்னு அம்மா சொல்லும்."

காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டதற்கு அவருக்கு நினைவில்லை.