முத்துக் கரையில் கைக்கடிகாரம்

அரபு மொழியில் 'ஸாஅத்' என்னும் சொல் ஒரு மணி நேரத்தைக் குறிக்கும். சிறிது பொழுதையும் குறிக்கும். பிற்காலத்தில் கடிகாரத்திற்கும் அதுவே பெயராயிற்று. வளைகுடாவில் முத்துக் குளிப்போரைப் பற்றி எழுதும் இப்னு பதூதா, அவர்களுள் சிலர் ஒன்று அல்லது இரண்டு ஸாஅத் நேரம் நீருக்கடியில் இருப்பர் என்கிறார். மொழிபெயர்ப்பாளர்கள் இதனை ஒரு மணி, இரண்டு மணி என்றே பெயர்த்தனர். அதனால் அப்பெரும் பயணி மிகைபடக் கூறுபவர் என்னும் பழிக்கு ஆளானார். அவர் கருதியது 'சற்று நேரம்' என்பதாகவும் இருக்கலாம். விநாடி முள் இல்லாத காலத்தவரின் சாட்சியை விநாடி முள்ளைக் கொண்டு நிறுப்பது நியாயமாகாது.

கடிகாரம் வந்த பின்னரும் மிகை குறைந்தபாடில்லை. 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல், 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுமையாக 6 நிமிடங்கள் நீருக்குள் இருந்ததாக எழுதிவைத்தார். முத்துப் பார்களின் கண்காணிப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றிய ஸ்டூவர்ட் கண்டது வேறு. அரிப்பில் எவரும் 87 விநாடிக்கு மேல் அடியில் இருந்ததைத் தாம் அறியவில்லை என்றும், 9 பாகம் ஆழத்தில் வழக்கமாக 55 விநாடியைத் தாண்டுவது அரிது என்றும் அவர் கூறியதை, எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

9 பாகம் என்பது 54 அடி. மன்னார் வளைகுடாவின் மறுகரையான அரிப்பிலும் தூத்துக்குடிக் கடலின் பார்களிலும் குளித்தவர்கள் பெரும்பாலும் ஒரே மக்களே. பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இரு கரைகளுக்கும் சென்று வந்தனர். காலில் கல்லைக் கட்டி இறங்கி, சிப்பியைக் கூடையில் அள்ளி, கயிற்றை அசைத்து மேலே வருவது வரை எல்லாமே அந்த 55 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். 6 நிமிடம் என்ற கதை கேட்பவருக்கு வியப்பைத் தரும். குளிப்பவரின் உழைப்பையோ மறைத்துவிடும். அவர் ஒரு நாளில் எத்தனை முறை மூச்சடக்கி இறங்கினார் என்பதை உணர்த்துவது சிறிய எண்தான். தூத்துக்குடிப் பார்களின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

முத்துச் சிப்பியின் பெயர் கடிகாரத்திற்கு வந்ததும் ஒரு சுவையான செய்தி. 1926இல் நீர் புகாத கூட்டைச் செய்த ரோலக்ஸ் நிறுவனம் அதற்கு 'ஆய்ஸ்டர்', அதாவது சிப்பி என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் பெண்மணி அதனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் பல மணி நேரம் நீந்தினார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த விலையில் ஒரு கடிகாரம் நம் கரையின் குளியாளர் எவர் கைக்கும் எட்டியிருக்காது.

கரையில் வாழ்வோருக்குக் கடிகாரம் கொண்டுவந்த சிக்கல் வேறு. 1876இல் இரயில் தூத்துக்குடியை எட்டியபோது நிலையத்துக் கடிகாரம் காட்டியது சென்னை நேரம். 1802இல் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்தில் கணித்துத் தந்த கணக்கு அது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்து, முட்கள் மேலும் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. தூத்துக்குடி 78 பாகைக்குச் சற்று மேற்பட்ட நெடுங்கோட்டில் உள்ளது; பொது நேரமோ 82½ பாகையைக் கொண்டது. ஆகவே இங்குள்ள கடிகாரம் கதிரவனைவிடச் சராசரியாக 17½ நிமிடம் முந்தி ஓடுகிறது. பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது 12.32க்கு வருகிறது, நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கே வந்துவிடுகிறது. கடிகாரம் 12 அடித்ததும் உச்சி வந்துவிட்டது என்று எண்ணுபவர், லுஹர் நேரம் தொடங்குமுன்பே தொழுதுவிடக் கூடும். அஸருக்கும் இதே நிலைதான். ஷாஃபிஈ வழியினர் ஒரு மடங்கு நிழலையும் ஹனஃபி வழியினர் இரு மடங்கு நிழலையும் கணக்கில் கொள்வர். இருவருக்கும் அடிப்படை நிழலேயன்றி முள்ளன்று. டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித் இப்னு ஷாத்திர் 1371இல் அமைத்த நிழற்கடிகாரத்தின் மரபு அது. நம் பள்ளிவாசல்களில் தொங்கும் தொழுகை நேர அட்டவணை, நிழலை முள்ளின் மொழிக்குப் பெயர்த்த மொழிபெயர்ப்பு. ஊர் மாறினால் அட்டவணையும் மாற வேண்டும் என்பதைச் சிலர் இன்றும் மறந்துவிடுகின்றனர்.

இனி, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய கடிகாரங்களுக்கு வருவோம். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் ஆகிய சுவிஸ் பெயர்கள் மூத்த தலைமுறைக்கு உரியவை. ஜப்பானின் சிட்டிசன் துணையுடன் 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கிய பின்னரே கைக்கடிகாரம் ஆசிரியர், எழுத்தர் கைகளுக்குப் பரவலாக வந்தது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016இல் முடிவாயிற்று. வளைகுடாவுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் கொண்டுவந்த சீகோ 5 தனி வகை. அதன் கிழமைச் சாளரத்தில் ஆங்கிலமும் அரபும் மாறி வரும். திருகைச் சுழற்றி 'அல்ஜுமுஆ' என்று வைத்துக்கொள்வதில் பெரியவர்களுக்கு ஒரு நிறைவு இருந்தது.

மாணிக்க வணிகத்தில் பெயர் பெற்ற காயல்பட்டினத்தாருக்கு '17 கற்கள்' என்ற எழுத்து புன்னகை தரும். அவை 1902இல் வெர்னூய் வெளிப்படுத்திய முறையில் உருக்கி வார்க்கப்படும் செயற்கை மாணிக்கங்கள், விலை அற்பம். ஆயினும் அச்சு தேயாமல் சுழல்வது அவற்றின் கடினத்தால்தான். கல்லுக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

உப்புக்காற்று இக்கரைக் கடிகாரங்களின் பகை. திருகின் தண்டு முதலில் துருவேறும், அதை மாற்றிவிடலாம். தலைமயிர் போன்ற மெல்லிய சுருள்வில் துருப்பிடித்தால், வேறு கடிகாரத்தின் உறுப்பைப் பெயர்த்து வைப்பது தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. என் பாட்டனாரின் எச்.எம்.டி. ஜனதாவைச் சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் முதிய பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். முகப்புக்குப் புதுச் சாயம் பூசித் தரவா என்று அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இன்று சந்தைக்கு வரும் பழைய கடிகாரங்களுள் கணிசமானவை சாயம் பூசப்பட்டவை. எழுத்து தடித்தும் கோடு விலகியும் இருப்பதைக் கொண்டு கண்டறியலாம். ஏட்டுச் சுவடியின் மங்கிய வரியின் மேல் புது மையால் எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்பதே என் கருத்து.

எண்ணெயிட்டு, வில்லை மாற்றி, அவர் அதனை என் காதருகே பிடித்தார். மணிக்கு 18,000 துடிப்பு, விநாடிக்கு 5. அன்று மாலை கடற்கரையில் அமர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஸ்டூவர்ட்டின் 55 விநாடிக்கு 275 துடிப்புகள். கரையில், கல்லும் கயிறும் இன்றி, 200ஐக்கூட நான் எட்டவில்லை.