பிரிந்து சென்ற பெற்றோரும் உரிமை நீக்கமும்

பிள்ளையைக் கைவிட்டு அகன்ற தந்தைக்கோ தாய்க்கோ அப்பிள்ளைமீது உரிமை எஞ்சியிருக்கின்றதா? அதனை நீக்கும்படி, உடனிருந்து வளர்ப்பவர் நீதிமன்றை நாடுதல் தகுமா? இவ்வினாக்களுக்கு இங்கிலாந்தின் சட்டம் படிப்படியாகவே விடை கண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சட்டம் பிள்ளைமீதான அதிகாரத்தைத் தந்தைக்கே அளித்திருந்தது. கவிஞர் ஷெல்லியிடம் அவர்தம் பிள்ளைகளை ஒப்படைக்க 1817 இல் எல்டன் பிரபு மறுத்தமை அரிய விதிவிலக்காகும். தம் மூன்று மைந்தரையும் கணவரிடம் இழந்த கரோலைன் நோட்டன் நடத்திய போராட்டம் 1839 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலிற்று. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பைத் தாய் கோருவதற்கு அது இடமளித்தது.

எனினும், கைவிட்டுச் சென்றவர் மீண்டுவந்து பிள்ளையைக் கேட்டால் யாது செய்வது? 1891 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முகங்கொடுத்தது. பிள்ளையைப் பிறர் செலவில் நெடுங்காலம் வளரவிட்டுத் தம் கடமையை மறந்திருந்தவர், தாம் தகுதியுடையவரென நிறுவினாலன்றிப் பிள்ளையை மீளப்பெற இயலாதாயிற்று. எனவே இங்கு வெறும் பிரிவன்று, கடமை மறந்த பிரிவே குற்றமாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் பெற்றோருக்கும் பிள்ளைக்குமுள்ள சட்ட உறவை இச்சட்டம் அறுத்துவிடவில்லை.

அவ்வுறவை அறுக்கும் வழியை 1926 ஆம் ஆண்டு மகவேற்புச் சட்டமே திறந்தது. பிள்ளையைக் கைவிட்டவரின் சம்மதமின்றியும் மகவேற்புக் கட்டளை பிறப்பிக்க நீதிமன்றுக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் ஒன்று கவனிக்கற்பாலது: மகவாக ஏற்கப்பட்ட பிள்ளைக்கு அச்சட்டம் புதிய குடும்பத்தின் வாரிசுரிமையை வழங்கவில்லை. அவ்வுரிமை 1949 இலேயே கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உறவு ஓரிடத்திலும் சொத்துரிமை வேறோரிடத்திலுமாக அப்பிள்ளைகள் நின்றனர்.

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் வந்த ஐக்கிய அமெரிக்காவிலும் இவ்வெச்சரிக்கை புலப்படுகின்றது. பெற்றோருரிமையை நீக்குதற்குத் தெளிவானதும் நம்பத்தக்கதுமான சான்று வேண்டுமென அதன் உயர் நீதிமன்றம் 1982 இல், சன்டோஸ்கி வழக்கில், ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் தீர்த்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? பராமரிப்புக் கட்டளை பிள்ளையைக் காக்கும். நிலைமை மாறின் அதனையும் மாற்றலாம். உரிமை நீக்கமோ மீளற்கரியது. அது சென்றவரின் அதிகாரத்தோடு, அவரிடமிருந்து பிள்ளைக்கு வரவேண்டிய ஆதரவையும் அறுக்கக்கூடும். ஆகவே, பிள்ளையை ஏற்க வேறொருவர் உளரா, பராமரிப்புக் கட்டளை மட்டும் போதாதா என்பவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். பிரிந்தவர்மீது கொண்ட சினம், நியாயமானதாயினும், இவற்றுக்கு விடையாகாது.