சிலந்தி, பொறிவண்டு இருந்தா உடனே மருந்து அடிப்பீங்களா? ஒரு நிமிஷம், இதைப் படிங்க!

மாடித் தோட்டம் வச்சிருக்கிறவங்களோட பெரிய புலம்பலே அசுவினியும் மாவுப்பூச்சியும்தான். பார்த்ததும் பலரும் மருந்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மருந்து, பூச்சியோடு சேர்த்து அதைத் தின்னும் காவலாளிகளையும் காலி செய்துவிடும்.

யார் யாரைச் சாப்பிடுகிறார்கள்?

செடியின் சாற்றை உறிஞ்சுவது அசுவினி. அசுவினியைத் தின்பது பொறிவண்டு. ஈ, அந்துப்பூச்சியோடு சில நேரம் பொறிவண்டையும் பிடிப்பது சிலந்தி. சிலந்திக்குப் பல்லி, குளவி, குருவி என எதிரிகள் ஏராளம். நடுவில் எறும்பு வேறு! அசுவினி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக, அதைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பு விரட்டும்.

சிலந்தியால் என்ன பயன்?

உலகில் உள்ள சிலந்திகள் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் வரை இரை தின்பதாக 2017-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி பூச்சிகள்தான். எல்லா சிலந்தியும் வலை பின்னாது. ஓநாய் சிலந்தி, குதிக்கும் சிலந்தி போன்றவை தேடிப்போய் வேட்டையாடும். ஆனால் சிலந்திக்கு நல்லது, கெட்டது தெரியாது. சிக்கினால் தேனீயையும் விடாது.

ஆள் மாறாட்டம் உஷார்!

பொறிவண்டின் புழு, கருப்பு நிறத்தில் குட்டி முதலை போல இருக்கும். கெட்ட புழு என நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலிய பொறிவண்டின் புழுவோ, வெள்ளையாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். அதைவிடப் பெரிதாக, வேகமாக நகர்ந்தால் அது நம்ம ஆள்!

அதேசமயம் கத்திரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டும் உண்டு. பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கும். அதைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

மருந்து அடித்தால் என்ன ஆகும்?

கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவந்த செதில் பூச்சியை, 1888-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவரத் தொடங்கிய ஒரு சிவப்புப் பொறிவண்டு கட்டுப்படுத்தியது. 1940-களில் அங்கே டிடிடி தெளித்ததும் வண்டு செத்தது, செதில் பூச்சி திரும்ப வந்தது. நம்ம வீட்டுச் செடியிலும் இதே கதைதான். பெண் அசுவினி இணை சேராமலே குட்டி போடும் என்பதால் சீக்கிரம் பெருகிவிடும். பொறிவண்டு திரும்பிவர நாளாகும்.

என்ன செய்யலாம்?

* முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்துவிடுங்கள்.
* செடியில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள். அதன் மகரந்தமும் தேனும் பொறிவண்டுக்கு உணவு.
* வேப்பெண்ணெய் தேவைப்பட்டால் பாதித்த கிளையில் மட்டும், பொறிவண்டுப் புழு இல்லை என்று பார்த்த பிறகு தெளியுங்கள்.
* செடிக்கு நடுவே இருக்கும் சிலந்தி வலையைக் கலைக்க வேண்டாம்.

ஒரு செடியில் நாலு அசுவினி இருப்பது தப்பில்லை. அதுவும் இல்லையென்றால், பொறிவண்டு அங்கே எதற்கு வரும்?