தந்துகி

தந்து என்றால் நூல். வடமொழிச் சொல். அதிலிருந்து வந்த தந்துகி, தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்க்குப் பெயரானது. இலத்தீன்காரர்களுக்கு இதே குழாய் மயிராகத் தெரிந்தது. ‘கேப்பிலரி’யின் வேர் ‘கேப்பில்லஸ்’, அதாவது தலைமயிர். நம் இயற்பியல் பாடநூல் ‘நுண்புழை’ என்கிறது. அதுதான் நல்ல தமிழ். ஆனால் உடலுக்குள் தந்துகியே நிலைத்துவிட்டது.

உண்மையில் மயிர் என்பதே மிகை. தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். தலைமுடியோ அதைப்போல் பல மடங்கு தடிமன். ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, பல இடங்களில் உடலை மடக்கிக்கொண்டுதான் நுழைகிறது. மருத்துவர் ஹார்வி 1628இல் இரத்தச் சுழற்சியை எழுதியபோது இந்த இணைப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. 1661இல் உடற்கூறாளர் மால்பிகி அதைத் தவளையின் நுரையீரலில் பார்த்தார்.

தந்துகிக்குத் தசை கிடையாது. இரத்த வரத்தைக் கூட்டிக் குறைப்பது அதற்கு முந்தைய நுண்தமனி. அதன் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்தி வழிவிடும். கணையம் திடீரென அழலும் கடுங்கணைய அழற்சியில் இந்த ஏற்பாடு குலைகிறது: நுண்தமனி இறுகுகிறது, தந்துகி கசிகிறது, நீரிழந்து கெட்டியான இரத்தம் தேங்குகிறது. இரத்தமின்றிப் பட்டினி கிடக்கும் கணையத் திசு மடியத் தொடங்கும். அப்போது நைட்ரிக் ஆக்சைடு கொஞ்சம் சுரந்தால் உதவி. அழற்சி அணுக்கள் அளவின்றிச் சுரந்தால் உடல் முழுதும் இரத்த அழுத்தம் சரியும்.