இதய அறுவைக்குப் பின் துடிப்புக் கோளாறும் பருவகாலமும்

இதய அறுவை முடிந்த இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், சீராக இருந்த துடிப்பு திடீரெனத் தாளம் தப்புவதுண்டு. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். மருத்துவர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். பைபாஸ் செய்துகொள்வோரில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் அடங்கிவிடும், நீடித்தால் மேலறையில் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம்.

மனிதரில் இந்நோய் அடையாளம் காணப்பட்டதும் ஓர் அறுவைக்குப் பின்னரே. 1906இல் ஆர்தர் குஷ்னியும் எட்மண்ட்ஸும் விவரித்த நோயாளி, கட்டி அகற்றப்பட்ட சில நாட்களில் நாடி தாறுமாறாக ஓடிய ஒரு பெண். ஆய்வகத்தில் நாய்களிடம் கண்ட மேலறை நடுக்கத்தோடு அந்த நாடியை ஒப்பிட்டனர். 1909இல் தாமஸ் லூயிஸ் மின்வரைபடம் கொண்டு அதை நிறுவினார்.

தமிழ்நாட்டில் 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். நாட்டின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைகளில் ஒன்றை அங்கே 1961இல் கோபிநாத் செய்தார். அக்காலத்தில் முடக்குக் காய்ச்சலால் வால்வு சுருங்கி வந்தவர்கள் பலர். அவர்களுக்கு மேலறை விரிந்து, அறுவைக்கு முன்பே துடிப்பு கெட்டிருக்கும். 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் பைபாஸ் செய்த பிறகு நோயாளிகளின் வகை மாறத் தொடங்கியது.

பருவகாலம் பற்றிய கேள்வி குளிர்நாடுகளில் எழுந்தது. பனிக்காலத்தில் இரத்த அழுத்தம் ஏறும், சளிக்காய்ச்சல் கூடும். மேலறை நடுக்கத்துக்காக மருத்துவமனையில் சேர்வோரும் அதிகம். அறுவைக்குப் பிந்தைய நடுக்கத்தில் மட்டும் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போவதில்லை. அதில் வியப்பில்லை. அறுவைக்கூடமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஆண்டு முழுதும் குளிரூட்டப்பட்டவை. பருவம் உள்ளே நுழைவது நோயாளியின் உடல் வழியாகத்தான்.

சென்னையில் ஜனவரியின் சராசரிக் குறைந்த வெப்பநிலையே சுமார் 21 டிகிரி. ஆகவே இங்கே குளிரைவிடக் கத்திரி வெயிலைத்தான் கவனிக்க வேண்டும். வியர்வையோடு நீரும் உப்புகளும் போகின்றன. நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் மேலும் குறையும். இவை குறைந்தால் துடிப்பு தடுமாறும். வல்லக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் வெப்பமான கூடங்களுக்கு வேலை திரும்புவோருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. சிலருக்குக் குடிநீருக்கே அளவு வைத்திருப்பார்கள்; கோடை வந்ததும் அந்த அளவையும் மாத்திரையையும் மருத்துவரிடம் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.