எல்லைக் கோடும் ஆடுகளமும்

தம் ஊர் அணியைத் தம் ஊரிலேயே வாழ்த்துவது எவர்க்கும் எளிது. வண்டியேறிப் பிறர் ஊர் சென்று, பிறர் அரங்கில் அமர்ந்து, பல்லாயிரவர் எதிர்க்குரல் எழுப்பும்போது தம் அணியின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பது அரிது. கால்பந்தாட்டத்தில் இத்தகைய அயலூர் ஆதரவாளர்க்குத் தனியொரு வரலாறு உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கும் அவ்வரலாற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று நாம் கருதுகிறோம். ஆதலின் நம் ஆண்டு விழா மலரில் அதனைச் சிறிது ஆராய்வது பொருத்தமாகும்.

பந்தைத் தொடர்ந்த பயணம்

கால்பந்தாட்டத்திற்கு எழுதப்பட்ட விதிகள் இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. தொடக்கத்தில் அது செல்வர் பள்ளிகளில் பயின்றோர் ஆடிய ஆட்டம். 1883-இல் பிளாக்பர்ன் என்னும் ஆலை நகரத்தின் ஒலிம்பிக் அணி, இலண்டனில் நடந்த இறுதியாட்டத்தில் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே நகரத்தின் ரோவர்ஸ் அணி இறுதியாட்டத்திற்கு வந்தபோது, வடநாட்டு ஆலைத் தொழிலாளர் இரயிலேறித் திரளாக இலண்டனில் வந்து இறங்கினர். அந்நகரப் பத்திரிகை ஒன்று அவர்தம் உடையையும் பேச்சையும் எள்ளி எழுதியது. விளையாட்டைக் காண வந்தவர்களின் ஆட்டத்தைப் பேசாமல், அவர்கள் உடுத்த முறையையும் பேசிய முறையையும் பேசினர். வேற்றூரில் பிழைக்கச் சென்ற எவரும் இவ்வனுபவத்தை விளக்கமின்றியே உணர்வர்.

நம் நாட்டிலும் இவ்வரலாறு இரயிலோடும் படகோடும் பிணைந்ததே. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அதனைக் காணச் சிற்றூர்களிலிருந்து மக்கள் சிறப்பு இரயிலிலும் நீராவிப் படகிலும் வந்து குவிந்தனர். களத்தைக் காண இயலாது வெளியே நின்றோர்க்கு, கோல் எண்ணிக்கையைப் பட்டம் பறக்கவிட்டு அறிவித்தனர்! வெள்ளையர் மைதானத்தில், வெள்ளையர் படையணிக்கு எதிராக, நாட்டு மக்கள் தம் நாட்டிலேயே அயலூர் ஆதரவாளராய் நின்ற நாள் அது.

அதே கல்கத்தாவில் 1920-இல் தோன்றியது கிழக்கு வங்காளக் கழகம். 1947-இல் வங்காளம் இரண்டாகப் பிரிந்தபின், வீடும் வயலும் இழந்து வந்த அகதிகள் பல்லாயிரவர்க்கு அக்கழகமே சொந்த ஊரின் அடையாளமாயிற்று. திரும்பிச் செல்ல இயலாத மண்ணின் பெயர், சிவப்பும் மஞ்சளுமான சட்டை அணிந்த பதினொருவர் வழியே வாரந்தோறும் உரக்க ஒலித்தது. ஒரு விளையாட்டுக் கழகம் மக்களுக்கு இவ்வளவு பொருள் தரவியலுமா என்று வியப்போர், எல்லைக் கோடு ஒன்று தம் வீட்டருகே வரையப்பட்டதைக் கண்டிராதவராவர்.

கோடு வந்த கதை

அத்தகைய கோட்டை நாம் கண்டுள்ளோம். வெள்ளறடையும் பாறசாலையும் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்கள். பழைய திருவிதாங்கூரில் இவையும், இன்று குமரி மாவட்டத்திலுள்ள அருமனையும் களியக்காவிளையும் மார்த்தாண்டமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் வட்டங்களைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது. மார்ஷல் நேசமணி தலைமையேற்ற அப்போராட்டத்தில் 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இதன் பயனாக நம்மிடையே இருவகைத் தமிழர் உளர். ஒரு வகையினர் தொழிலும் உத்தியோகமும் நாடி இங்கு வந்து குடியேறியவர். மற்றொரு வகையினர் எங்கும் செல்லாதவர். அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைக் கடந்து சென்றது. முதல்வர் ஊர் மாறி அயலாரானார். பின்னவர் ஊர் மாறாமலே அயலாரானார். இவ்விரு வகையினரும் இன்று ஒரே குடியிருப்பில் வாழ்ந்து, ஒரே சங்கத்தில் கூடி, ஒரே விழாவைக் கொண்டாடுகின்றனர்.

இக்கோடு ஆடுகளத்தில் எங்கே தென்படுகிறது? சந்தோஷ் கோப்பையில்தான். 1941-இல் தொடங்கிய இப்போட்டி மாநிலத்திற்கு ஓர் அணி என்னும் முறையில் நடப்பது. திருவிதாங்கூர்-கொச்சி ஒரே மாநிலமாக இருந்தவரை, அதன் அணி இக்கரையாருக்கும் அக்கரையாருக்கும் ஒன்றே. 1956-க்குப் பின் களியக்காவிளைக்கு மேற்கே ஓர் அணி. கிழக்கே மற்றோர் அணி. கேரளம் 1973-இல் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியை 3-2 என்று வென்று முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது. தலைவர் மணி மூன்று கோல்களையும் தாமே அடித்தார். தமிழ்நாடு 2012-இல் இறுதியாட்டம் வரை வந்து, படைத்துறை அணியிடம் தோற்றது. இவ்விரு செய்திகளையும் கேட்டபோது எதற்கு மகிழ்ந்தோம், எதற்கு வருந்தினோம் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டிற்கும் உரிய உணர்ச்சி நம்மில் பலர்க்கு இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அரங்கு சென்ற வழி

எல்லையூர்களிலிருந்து திருவனந்தபுரம் செல்ல ஏந்து செய்தது சாலை. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது, முதலில் ஓடிய பேருந்து திருவனந்தபுரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட சாலையிலேயே ஓடியது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் களியக்காவிளையும் அவ்வழியில் உள்ளன. இரயில் பாதை இப்பகுதிக்கு வந்தது 1979-இல்தான். அதுவரை ஆட்டம் காண விழைந்தோர்க்குப் பேருந்தே கதி. நெடுஞ்சாலையிலிருந்து விலகி மலையடிவாரத்தில் அமைந்த வெள்ளறடையார்க்கோ, தலைநகரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மாலை ஆட்டம் முடிந்து கடைசி வண்டியைப் பிடிப்பதும் ஒரு பந்தயமே.

திருவனந்தபுரத்தில் விளையாட்டு வளர்ந்ததற்குக் கோதவர்ம ராஜா அவர்களின் உழைப்பு முதன்மையானது. ஜி.வி. ராஜா என்று மக்கள் அழைத்த அவர் 1971-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் நடந்த அகில இந்தியக் கால்பந்துப் போட்டிக்குப் பிறமாநில அணிகள் வந்து ஆடின. நகரின் நடுவே அமைந்த சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம் இத்தகைய ஆட்டங்களுக்குப் புகழ்பெற்றது. 2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளப் போட்டியில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணிக்கும் அதுவே சொந்தக் களமாயிற்று.

இரு கடற்கரை ஊர்கள்

மலையடிவாரத்திலிருந்து நம் வட்டத்தின் கடற்கரைக்குச் செல்வோம். கேரளத்தின் தென்கோடியில் பொழியூர். அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் நீரோடி. அங்கிருந்து சிறிது தூரத்தில் தூத்தூர், சின்னத்துறை, இரவிப்புத்தன்துறை முதலிய மீனவ ஊர்கள். மணலில் வெறுங்காலோடு பந்துதைத்துப் பழகிய இளைஞர், எல்லைக்கு இருபுறமும் ஆட்டக்காரராய்ப் புகழ்பெற்றுள்ளனர். தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் இருப்பினும் அதன் தேவாலயங்கள் திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. அரசு பிரித்த கரையைத் திருச்சபை பிரிக்கவில்லை; பந்தும் பிரிக்கவில்லை.

பொழியூரைச் சேர்ந்த சீசன், 2018-இல் சந்தோஷ் கோப்பையை வென்ற கேரள அணியில் ஆடினார். அவ்விறுதியாட்டம் ஏப்ரல் முதல் நாள் கல்கத்தாவில், வங்காளத்தின் சொந்தக் களத்தில் நடந்தது. ஆட்டம் 2-2 என்று நின்று, பெனால்டி உதைகளால் கேரளம் வென்றது. மறுபுறம் இரவிப்புத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடிப் பின்னர்க் கல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார். 2020 மார்ச் 14-ஆம் நாள் கோவாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. எதிர்கொண்டு வென்றது சென்னையின் அணியை! குமரிக் கடற்கரைத் தமிழர் யாரை வாழ்த்துவது? தம் மண்ணின் மைந்தனையா, தம் மாநிலத்துத் தலைநகரின் அணியையா? பெருந்தொற்றின் காரணமாக அன்று அரங்கில் பார்வையாளரே அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் வீட்டுத் திண்ணைகளில் அக்கேள்விக்கு விடை தேடியிருப்பர்.

மஞ்சளும் நீலமும்

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியபின் கொச்சிக்கும் சென்னைக்கும் புதிய போட்டி பிறந்தது. முதல் ஆண்டிலேயே அரையிறுதியில் இரு நகரங்களும் மோதின. டிசம்பர் 13-இல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் 3-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்துச் சென்னையில் சென்னையின் அணி மூன்று கோல்களையும் திருப்பி அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் 117-ஆம் நிமிடத்தில் பியர்சன் அடித்த ஒரு கோல், கேரளத்தை இறுதியாட்டத்திற்கு அனுப்பியது. அன்று சென்னை அரங்கில் அமர்ந்திருந்த மலையாள அன்பர் அயலூர் ஆதரவாளர். கொச்சியின் மஞ்சட்கடலில் நீலச் சட்டை அணிந்து நின்ற தமிழரும் அவ்வாறே. வேலை தேடிச் சென்னை சென்ற மலையாளியும், வேலை தேடிக் கேரளம் வந்த தமிழரும் அரங்கில் ஒருவர்க்கொருவர் கண்ணாடி போல் விளங்கினர்.

நம் தலைநகரிலேயே மற்றொரு காட்சியும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2016 ஜனவரியிலும் காரியவட்டம் அரங்கில் தெற்காசியக் கோப்பைப் போட்டி நடந்தது. அரையிறுதியில் இந்தியா மாலத்தீவை 3-2 என்று வென்று, பின் ஆப்கானிஸ்தானை வீழ்த்திக் கோப்பையைப் பெற்றது. மருத்துவத்தையும் கல்வியையும் நாடித் திருவனந்தபுரத்தில் தங்கி வாழும் மாலத்தீவர் பலர். அவர்க்கு அது அயல்நாட்டில் தம் நாட்டை வாழ்த்தும் வாய்ப்பாக அமைந்தது. அவர்கள் தம் கொடியை உயர்த்தினால் நாம் குறையாகக் கருதுவோமா? கருதமாட்டோம். எனில், திருவனந்தபுரத்தில் தமிழ்நாட்டு அணி ஆடும்போது நம் பிள்ளை கைதட்டினால் அதுவும் குறையன்று.

அஞ்சத்தக்கதும் அறியத்தக்கதும்

ஆர்வம் எல்லை மீறின் அழிவாகும் என்பதை இவ்வரலாறு கண்ணீரால் எழுதியுள்ளது. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான், கிழக்கு வங்காள ஆட்டத்தின்போது மூண்ட கலகத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். 1985 மே 29-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஹெய்சல் அரங்கில் 39 பேர் உயிர் நீத்தனர். அவருள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்த ஆதரவாளர். அர்ஜெண்டினா நாடு 2013-இல், அயலூர் ஆதரவாளர் அரங்கிற்கு வருவதையே தடை செய்தது. பல அரங்குகளில் வந்தவர்க்குத் தனிப் பகுதியும் தனி வாயிலும் தனிக் காவலும் அமைத்திருப்பது இத்தகைய துயரங்களின் பாடமே.

ஆயினும் வருபவரைத் தடுத்தல் தீர்வாகாது. எதிர்க்குரல் இல்லாத அரங்கில் வெற்றிக்கும் சுவையில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளில் அரங்கின் இடங்களில் நூற்றுக்கு 5 பங்கை வந்த அணியின் ஆதரவாளர்க்கு ஒதுக்க விதி செய்துள்ளது. நூறு பேர் அமரும் இடத்தில் ஐவர்க்கு இடம். அவ்வைவரும் தம் குரலில் பாடலாம். சிறுபான்மையினர்க்குரிய நீதியை இதனினும் எளிதாக விளக்க இயலுமோ?

நம் பிள்ளைகளும் நம் கடமையும்

இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் பயின்று, மலையாளத் தோழரோடு பந்தாடி, மஞ்சள் சட்டை அணிந்து வீடு திரும்புகின்றனர். பெரியவர் சிலர் இதனைக் கண்டு மனம் நோகின்றனர். இளையோர் சிலர் பெரியவரின் நோவைக் கண்டு நகைக்கின்றனர். இருசாராரும் சற்றே பொறுத்தல் வேண்டும். தான் பிறந்த மண்ணின் அணியைப் பிள்ளை வாழ்த்துவது நன்றியுணர்ச்சி. தன் மொழியின் அணியைத் தந்தை வாழ்த்துவது உரிமையுணர்ச்சி. ஒரே திண்ணையில் இரண்டு குரல் எழுந்தால் வீடு இடிந்துவிடாது. தெற்குக் குரிசுமலையின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. இருபுறத்து மக்களும் ஏறி ஒரே உச்சியில் கூடுவதை வெள்ளறடையார் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

நாம் அஞ்சவேண்டியது மஞ்சள் சட்டையை அன்று. நம் மொழி வீட்டில் ஊமையாவதையே. அடுத்த முறை தமிழ்நாட்டு அணி திருவனந்தபுரத்திற்கோ கொச்சிக்கோ வரும்போது, குடும்பத்தோடு செல்வோம். கேரளம் ஆடும் அழகையும் வாய்விட்டுப் பாராட்டுவோம். வழியெல்லாம் பிள்ளைகளோடு தமிழில் பேசுவோம். இவ்வெல்லை எப்படி வந்தது, யார் யார் அதற்காகத் துன்புற்றனர் என்ற வரலாற்றையும் கூறுவோம். தோற்றாலும் எழுந்து நின்று கைதட்டி, அமைதியாய் வீடு திரும்புவோம்.

வந்தவராய் வாழினும், இருந்தவராய் வாழினும், நம் குரல் பிறர் காதைப் புண்படுத்தாமலும் நம் நெஞ்சுக்குப் பொய்யாகாமலும் ஒலிக்கட்டும். வாழ்க தமிழ்! வளர்க இரு மாநிலத்து நட்பு!